மோட்டார்ச் சத்தத்துக்கு மேலே

மோர்னிங்சைட் போகும் பஸ்ஸில் மகள் தன் இயர்போன் ஒன்றை என் காதில் செருகினாள். ஜப்பானில் ஏதோ புறநகர் மின்சார ரயில் புறப்படும் வீடியோ. அடித்தொண்டையில் தொடங்கி ஊளையாக ஏறும் அந்த மோட்டார்ச் சத்தம் எனக்குப் பழக்கமானது.

இங்கே, ஸ்காபரோவில் முன்பு ஓடிய சின்ன மின்சார ரயிலும் அப்படித்தான் ஊளையிடும். எட்டு வயதில் அதற்குள் வைத்துத்தான் அம்மா என்னிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்பார். ரயில் சத்தத்துக்கு மேலால் நான் கத்திச் சொல்லவேண்டும். ஒருநாள் முன்சீற்றில் இருந்தவர் பேப்பரை மடித்துவிட்டு, இது கனடா, ஆங்கிலத்தில் பேசு, இல்லாவிட்டால் வாயை மூடு என்றார். நான் மூவேழில் நின்றுவிட்டேன்.

அம்மா அவரை நேரே பார்த்துத் தமிழிலேயே கேட்டார்: “ரெயில் கத்தலாம், என்ரை பிள்ளை சொல்லக் கூடாதோ?” பிறகு என்னிடம், “நிப்பாட்டாதை. முதலிலையிருந்து சொல்லு.”

அந்த மனிதர் இறங்கும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இப்போது பஸ்ஸில் என் போன் அடித்தது. அம்மாதான். நான் பஸ்ஸில் இருக்கும்போது அவர் அழைத்தால் வாயைக் கையால் மறைத்து, “பிறகு எடுக்கிறன்” என்று கிசுகிசுத்து வைத்துவிடுவதுதான் இத்தனை வருடமும் என் வழக்கம். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓம் அம்மா, பஸ்ஸிலைதான் இருக்கிறன்,” என்றேன், பின்சீற்றுவரை கேட்கும்படி. “அவசரமில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ.”