நான் கிழித்துப் போட்ட கோடுகள்

திண்டுக்கல்லில் ஒரு காது மூக்கு தொண்டை ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக, காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோமெட்ரி டெக்னீஷியனாக இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சனிக்கிழமை என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என் மகள் கயல்.

பத்து வயது. வலது காது மந்தம். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாகத் தெரிந்ததை, சளி பிடித்துத் தேங்கிய நீர் என்று டாக்டர் நினைத்திருந்தார். திங்கட்கிழமை செவிப்பறையில் சின்னதாகத் துளை போட்டு நீரை எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் ஒரு டிம்பனோமெட்ரி. காதில் ரப்பர் முனையை வைத்துக் காற்றழுத்தத்தை மாற்றினால், செவிப்பறை அசைவதைக் கருவி கோடாக வரைந்து தரும்.

கோடு ரம்பப் பல் மாதிரி வந்தது.

"ஆடாம இருடி."

"ஆடலம்மா. காதுக்குள்ளதான் டொம்மு டொம்முன்னு அடிக்குது. எம்புட்டுத் தடவ சொல்லிட்டேன்!"

சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சாக்கு என்று நினைத்திருந்தேன்.

பிள்ளைகள் ஆடினால் கோடு கெடும். கெட்டதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நல்ல கோடு வரும்வரை எடுப்பது எங்கள் பழக்கம். இரண்டைக் கிழித்தேன். மூன்றாவது முறை, ஆடாமலிருக்க அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். விரலுக்கடியில் நாடி. திரையில் பல். நாடி, பல். நாடி, பல். ஒன்றுகூடப் பிசகவில்லை!

"கயல், மாடிப்படி ஏறி இறங்கி ஓடியா!"

"ஆஸ்பத்திரில ஓடக் கூடாதும்ப?"

"இன்னைக்கு ஓடலாம். ஓடுடி!"

மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தாள். முனையை மறுபடி காதில் வைத்து, அழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தினேன். பற்கள் நெருங்கி நெருங்கி வந்தன. நாடி வேகமெடுத்தால் கோடும் வேகமெடுக்கிறது! உள்ளே இருப்பது நீர் இல்லை.

செருப்பை விட்டுவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன்.

"புள்ள ஆடிருக்கும்மா," என்றார்.

"ஆடல சார். நீங்களே நாடியப் பிடிச்சுப் பாருங்க சார்!"

வந்து பிடித்துப் பார்த்தார். முகம் மாறியது. "திங்கக்கெழம ஒண்ணும் வேணாம். இப்பவே சிடி ஸ்கேன் எடுங்க."

படத்தில் தெரிந்தது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி, தன் எலும்புக் குழாயை விட்டு விலகி, நடுச்செவிக்குள் செவிப்பறையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறவியிலேயே அப்படி.

"புஸ்தகத்துல பாத்ததோட சரி," என்றார் டாக்டர். "நான் தண்ணின்னுல்ல நெனச்சேன். கத்திய மட்டும் வச்சிருந்தா..." திங்கட்கிழமைத் துளை அந்தத் தமனியில்தான் விழுந்திருக்கும்.

அந்தக் காதைத் தொடாமல் விடுவதுதான் வைத்தியம். 'துளையிடக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதிய அட்டை ஒன்று இப்போது அவள் பள்ளிப் பையில் இருக்கிறது.

வீட்டுக்குப் போகும்போது கேட்டாள்: "அப்ப நான் பொய் சொல்லலைல்லம்மா?"

இப்போதெல்லாம் பல் பல்லாகக் கோடு வந்தால் கிழிப்பதில்லை. மணிக்கட்டைப் பிடிக்கிறேன். "காதுக்குள்ள என்ன கேக்குது சாமி?" என்று கேட்கிறேன். பதினெட்டு வருடத்தில் எத்தனை பிள்ளைகளை ஆடாதே என்று அதட்டினேனோ, தெரியவில்லை.