ரோசம்மாள் டீச்சர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் சொன்னது

ரோசம்மாள் போய்விட்டாள் என்று தக்கலையிலிருந்து எங்கள் பள்ளித்தோழி செல்லம்தான் போனில் சொன்னாள். ஆலயத்துக்குப் புறப்பட்டவள் வாசலிலேயே சாய்ந்துவிட்டாளாம். "நீ வருவியா, மாட்டியா?" என்றும் கேட்டாள். எங்கள் பிணக்கு முழுதாகத் தெரிந்தவள் செல்லம் ஒருத்திதான்.

அவளிடம் படித்த உங்களுக்கெல்லாம் அவள் விளையாட்டு டீச்சர். எனக்கு எட்டாம் வகுப்பில் கூட ஓடியவள். நாகர்கோவிலில் தொடர் ஓட்டப் போட்டி. மூன்றாவதாக நான், கடைசியாக அவள். கைமாறும்போது குச்சி தரையில் விழுந்தது. "இவதான் போட்டா சார்" என்று என்னைக் கைகாட்டினாள். "ஒரு குச்சியப் பிடிக்கத் தெரியாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு?" என்று அந்த வருடத்தோடு அப்பா என்னை நிறுத்திவிட்டார். அவள் படித்தாள், டீச்சர் ஆனாள். எதிர்ப்பட்டால் பேசுவேன். ஆனால் அவள் வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடித்ததில்லை. அவள் மகள் கல்யாணத்திலும் கை நனைக்காமல்தான் திரும்பினேன்.

போன மாதம் அவளே கார் பிடித்து எங்கள் இரண்டு பேரையும் அழைத்தாள். "மூணு கிழவிகளும் ஓடின எடத்த ஒருக்கா பாத்துட்டு வருவோம்." முதலில் நாகர்கோவில் மைதானம். வெள்ளைக் கோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"ஓடட்டா?"

"ஓடு ஏட்டி, நேரா ஆஸ்பத்திரிலதான் போய் நிப்ப" என்றாள் செல்லம்.

நானும் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

களியக்காவிளையில் சாயா குடித்துவிட்டுத் திருவனந்தபுரம் போனோம். பெரிய ஸ்டேடியத்தைச் சுற்றிப் பார்த்தோம். பிறகு விளையாட்டு அருங்காட்சியகம். மெடல்கள், போட்டோக்கள், யாரோ ஓடித் தேய்ந்த ஷூ. "எனக்க வீட்டுக்காரருக்க செருப்பு இத விட மோசம், அதுக்கும் ஒரு பெட்டி கேப்போமா?" என்றாள் செல்லம். அடுத்த கண்ணாடிப் பெட்டியில் ஒரு தொடர் ஓட்டக் குச்சி இருந்தது. ரோசம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் மக்கா. நீ வாறதுக்கு முன்னாலயே ஓடிட்டேன். ஒனக்க கை எப்பிடி எட்டும்? சார் அடிப்பாருன்னு பயந்து ஒன்னச் சொல்லிட்டேன்."

ஐம்பது வருடத்துக்கு மேலாக நான் காத்திருந்த பேச்சு. "இத எங்கப்பா இருக்கும்போ சொல்லியிருக்கணும்" என்று கையை உதறினேன்.

மத்தியானம் வீட்டிலிருந்து கட்டி வந்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எடுத்து வைத்தாள். நான் தொடவில்லை. திரும்பி வந்து அவள் வீட்டு முன்னால் கார் நின்றபோது, "ஒரு கட்டங்காப்பியாவது குடிச்சிட்டுப் போயேன்" என்றாள்.

"இன்னொரு நாள் பாப்போம்."

"சரி. நான் இங்கதான இருக்கேன்."

அடக்கத்தன்று எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து காப்பி வந்தது. வாங்கிக் குடித்தேன். அது அவள் போட்ட காப்பி இல்லை.

அவளிடம் படித்த ஒருத்தி அருகில் இருந்து அழுதாள். "டீச்சர் எப்பவும் சொல்லுவாங்க பாட்டி: குச்சி உள்ளங்கையில தட்டாம ஓடாத மக்கா, பின்னால வாறவ பாவம்."

உங்கள் எல்லாரிடமும் அதைச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லத்தான் அவளுக்கு இத்தனை வருடம் ஆயிற்று. சொன்னபோது நான் கையை உதறினேன். அவள் நினைவாக நான் வைத்துக்கொள்வது கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அவள் சொன்ன அந்தப் பேச்சைத்தான். பின்னால் வந்தவள் நான்தான், பிள்ளைகளே.