தொட்டிக்குள் காற்று

குளோரினை நிறுத்தச் சொல்லி ஊர் திரண்டு வந்தபோது, ஜெயசெல்வி தண்ணீர்த் தொட்டியின் ஏணிக்குக் குறுக்கே போய் நின்றாள். ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களுக்குக் குழாயில் போகும் குடிநீரைச் சோதிப்பது அவள் வேலை. கண்ணமங்கலத்துப் பெண், வேதியியல் படித்தவள்.

“இன்னாம்மா இது, தண்ணியா மருந்தா? வாய்ல வெக்க முடியல. நாங்க ஓடைக்கே போய்க்கிறோம்” என்றாள் அம்மாக்கண்ணு. சாமை விதைக்கிறவள். அவள் பேசினால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது.

“நிறுத்த மாட்டேங்க. போன மழையில வாந்திபேதி வந்து எத்தினி பேரை ஜீப்புல தூக்கிக்கினு போனோம்? உங்க மருமவளும் அதுல ஒருத்திதானே?”

அம்மாக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகள் பிழைத்துவிட்டாள், வயிற்றிலிருந்த பிள்ளை பிழைக்கவில்லை. இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்று ஜெயசெல்விக்கு உறுத்தியது. ஆனாலும் நகரவில்லை.

“நீங்க சொல்றதுலயும் நாயம் இருக்குது” என்றாள். “இந்தத் தண்ணியில ஒரு கெடுதல் சேர்ந்திருக்குது.”

மேலதிகாரி வெளியே விடக் கூடாது என்று சொன்ன விஷயம் அது. தண்ணீர் எடுக்கும் ஏரியில் காட்டு இலைதழை ஊறிக் கிடக்கிறது. அந்தச் சாற்றோடு குளோரின் கலந்தால் குளோரோஃபார்ம் போன்ற பொருள்கள் உண்டாகும். வருஷக்கணக்கில் குடித்தால் உடம்புக்கு ஆகாது. சென்னை ஆய்வகத்துக்கு அவள் அனுப்பிய தண்ணீரில் அது அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. ‘ஜனங்க பயந்துடுவாங்க, சும்மா இரு’ என்றார் அதிகாரி. அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

“அப்ப வெசத்தையா குடுத்துக்கினு இருந்தே?” என்று சீறினாள் அம்மாக்கண்ணு.

“பேதி உடனே கொல்லும்; இது மெள்ள அரிக்கும். ரெண்டையும் நான் சும்மா விடப் போறதில்ல. கொஞ்ச நாள் பொறுங்க. அதுவரைக்கும் பாத்திரத்தை மூடாம நல்லா கொதிக்க வெச்சுக் குடிங்க.”

அந்தப் பொருள்கள் காற்றுப் பட்டால் தண்ணீரை விட்டுப் பறந்துவிடக்கூடியவை. பஞ்சாயத்தில் பேசி, தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயில் தூவல் முனைகளைப் பொருத்த வைத்தாள். தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் கோபால்சாமி கூடவே நின்றார். தண்ணீர் மழைபோலச் சிதறி விழுந்தது. ஆனால் மறு சோதனையில் கெடுதல் பெரிதாகக் குறையவில்லை.

“வீண் வேலையா போச்சா மேடம்?” என்றார் கோபால்சாமி.

ஜெயசெல்வி ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள். அடைபட்ட காற்றின் நெடி முகத்தில் அறைந்தது. தண்ணீரை விட்டுப் பறந்த கெடுதல், தொட்டியை விட்டு வெளியே போக வழியில்லாமல் மறுபடி தண்ணீரிலேயே கரைகிறது என்று புரிந்தது. ஒருபக்கம் காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி, எதிர்ப்பக்கம் வலை போட்ட துவாரம் என்று வைத்தார்கள். அடுத்த சோதனையில் கெடுதல் பாதிக்கும் கீழே இறங்கி, அனுமதித்த அளவுக்குள் வந்தது. கிருமியைக் கொல்லும் குளோரின் கடைசித் தெருக் குழாய்வரை போதுமான அளவு இருந்தது; வாயில் அடிக்கும் மருந்து நெடி மட்டும் குறைந்திருந்தது. அம்மாக்கண்ணு ஒரு வாய் குடித்துப் பார்த்து, “இப்ப எறங்குது” என்றாள்.

விஷயம் தெரிந்து அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டு ஊருக்குச் சொன்ன? யாரைக் கேட்டு இதெல்லாம் மாட்டின? உடனே கழட்டு.”

“கழட்ட மாட்டேன் சார். வேணும்னா நீங்க ஏறிக் கழட்டுங்க.”

அவர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். அதன் அடியில் அம்மாக்கண்ணு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“உன்னை மலையை விட்டே மாத்திடுவேன்.”

“மாத்துங்க சார். கண்ணமங்கலத்துல எங்க அம்மா கையால சோறு கெடைக்கும். ஆனா போற எடத்துலயும் தண்ணியப் பாப்பேன், பாத்ததச் சொல்லுவேன்.”

ஜீப் திரும்பிப் போனது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ‘ஆமாம், செய்தேன். அடுத்த தொட்டியிலும் செய்வேன்’ என்று எழுதி அனுப்பினாள். அதற்கு இன்றுவரை பதில் இல்லை. இடமாற்ற உத்தரவும் வரவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. போன வாரம் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் இன்னொரு தொட்டியின்மேல் ஏறி, மின்விசிறி வைக்கக் கோபால்சாமியோடு இடம் அளந்துகொண்டிருந்தாள்.