அடுப்படியில் உட்கார்ந்தவர்

எங்கள் சபையின் மிஷன் பயணத்திலிருந்து ஒருவரைப் பொய் சொல்லி நீக்கினேன்.

கோவில்பட்டியில் பலசரக்குக் கடைக்காரர். பெருத்த உடம்பு, கட்டை மீசை. நேபாள மலைக்கிராமத்தில் நான் கஷ்டப்பட்டுக் கற்ற நேபாளியில் பிரசங்கித்தேன். அவரோ யார் வீட்டு அடுப்படியிலாவது உட்கார்ந்து, கைகாட்டித் தமிழிலேயே பேசுவார். ஊரே அவரைச் சுற்றிச் சிரிக்கும்.

“பாஷை தெரியாம என்னய்யா பேசுதீரு?”

“மாட்டுக்கு என்ன போடுதீங்கன்னு கேட்டேன் அண்ணாச்சி. உங்களைப் போல எடுத்த எடுப்புல பாவத்தைப் பத்திக் கேட்டா, அவிய ஓட மாட்டாவளா?”

ஊர் திரும்பியதும், அவர் ஜெபத்துக்கே வரவில்லை என்று கமிட்டியில் சொன்னேன். மறுவருடம் அவரைச் சேர்க்கவில்லை. மலையில் எல்லோரும் என்னிடம் அவரைத்தான் விசாரித்தார்கள்.

இந்த வருடம் கமிட்டியிலும் அவரிடமும் உண்மையைச் சொல்லி, என் இடத்தைக் கொடுத்தேன். அங்கிருந்து வீடியோவில் அழைத்தார். “இவியதாம் என்னய அனுப்புனாவ” என்று என்னை ஊராருக்குக் காட்டினார். எல்லோரும் கையசைத்தார்கள். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.