இரண்டாவது கை

முதல் கை யூரியா கத்தரிச் செடியின் அடியில் விழுந்ததும் மிருணாளினி அன்ரி அடுத்த செடிக்கு நகர்வதில்லை. இடக்கையில் வாளி தொங்க, குனிந்தபடியே வலக்கை மறுபடி உள்ளே போய், அரைக் கை அள்ளிவந்து அதே செடிக்கு வைக்கும். வீட்டில் சோறு போடும்போதும் இதே கதைதான். வந்தவர் சோற்றுக் கோப்பையை எவ்வளவு இழுத்தாலும் இரண்டாவது அகப்பை விழாமல் தப்ப முடியாது. "ஒருக்கா மட்டும் போட்டால் கூடாது" என்பார். ஏன் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். "கூடாதெண்டால் கூடாது." அத்தோடு விசாரணை முடிந்துவிடும்.

ஐம்பத்தெட்டு வயது. வீடு சிட்னியில், கிரவீன் பக்கம். கணவர் தேவராஜா செவன் ஹில்ஸில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அன்ரிக்கு றிவர்ஸ்டோனுக்கு அப்பால், ஓர் ஓடைக்கரையில் இரண்டு ஏக்கர் குத்தகைக் காணி. கத்தரி, பயற்றை, பொன்னாங்காணி. கணவரின் பழைய றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பாத்தி பாத்தியாக நடப்பார். வாடி நிற்கும் செடியைக் கண்டால் "என்னடா ராசா, சாப்பிடேல்லையோ" என்று கேட்பார். வெள்ளிக்கிழமை காலையில் அவருடைய கத்தரிக்காய் ஹோம்புஷ் கடையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் பெட்டி காலி. அந்தப் பெருமையை அவர் தன் வாயால் சொல்லமாட்டார். பக்கத்தில் நிற்பவரைச் சொல்லவைத்துவிட்டு, வெட்கப்பட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருடம் ஓடையில் பச்சைப் பாசி படர்ந்தது. உரத்தில் உள்ள நைதரசன் மிஞ்சித் தண்ணீருக்குள் போகிறது என்று சுற்றாடல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே சட்டதிட்டங்கள்: எரு தண்ணீருக்குப் பக்கத்தில் குவியக் கூடாது, மழைக்கு முன் உரம் போடக் கூடாது, போட்டதையெல்லாம் நிறுத்துக் கொப்பியில் எழுத வேண்டும்.

அன்ரி சட்டத்துக்கு அடங்காத ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அடங்கினால் ஒரேயடியாக அடங்குவார். கோழி எருக் குவியலை மேட்டுக்கு ஏற்றி, நீலத் தார்ப்பாய் போர்த்தி, சுற்றிலும் செங்கல் வைத்தார். தேவராஜாவின் காருக்குக்கூட இன்றுவரை அப்படியொரு போர்வை கிடைத்ததில்லை. மழையைப் பற்றிப் போன் சொல்வதை நம்பாமல், மெல்பேர்ணில் இருக்கும் தங்கையைக் கூப்பிட்டு, "அங்க பெய்யுதோ? அப்ப இங்க நாளையிண்டைக்கு" என்று தானே அறிவித்தார். தராசு வாங்கித் தன் ஒரு கை எத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்த்தார். கொப்பியில் செடிக்கு ஒரு கை என்று ஒரு நாள் பிசகாமல் எழுதினார்.

இருந்தும் தண்ணீர் தெளியவில்லை. இரண்டாவது கடிதமும் வந்தது. மூன்றாவது வந்தால் குத்தகையைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று காணிக்காரர் சொல்லிவிட்டார். எட்டு வருடம் எருப் போட்டுப் பதப்படுத்திய மண். அதை விட்டுப்போவதை நினைத்தால் அன்ரிக்குச் சோறு இறங்கவில்லை, அவருக்கே இரண்டாவது அகப்பை தேவைப்படவில்லை.

இந்த நிலையில்தான் அந்த அலுவலகத்திலிருந்து டில்ஷா பார்வையிட வந்தாள். பெற்றோர் மன்னார், இவள் பிறந்ததே சிட்னியில். தார்ப்பாயைப் பார்த்தாள், மெச்சினாள். கொப்பியைப் பார்த்தாள், இன்னும் மெச்சினாள். கொட்டிலுக்குள் கிடந்த வெறும் யூரியாப் பைகளை எண்ணியபோது முகம் மாறியது.

"ஸொறி அன்ரி, நம்பர்ஸ் சரிவரேல்லை. கொப்பியில பதினொரு பாக். இங்க பதினாறு கிடக்கு. மிச்சம் அஞ்சும் எங்க போச்சுது?"

அன்ரிக்கு உண்மையிலேயே தெரியவில்லை. சத்தியம் செய்தார். "இந்த மனுசன் ஆருக்கும் தூக்கிக் குடுத்திருக்குமோ" என்று, செவன் ஹில்ஸில் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்த தேவராஜாமீது கொஞ்ச நேரம் பழியும் விழுந்தது.

பன்னிரண்டரை ஆகியிருந்தது. பார்வையிட வந்தவளானாலும் பட்டினியாக அனுப்ப முடியுமா? கொட்டிலிலேயே கதிரை போட்டு, கொண்டுவந்த சோற்றை வைத்தார். மறுபடி அகப்பையை எடுத்தார். டில்ஷா கோப்பையைக் கையால் மூடினாள்.

"காணும் அன்ரி."

"ஒருக்கா மட்டும் போட்டால் கூடாது பிள்ளை. கையை எடுங்கோ."

சோறு விழுந்தது. டில்ஷா கோப்பையைப் பார்த்தாள். பிறகு வெளியே கொழுத்து நின்ற கத்தரி வரிசையைப் பார்த்தாள்.

"அன்ரி, கத்தரிக்கும் இப்பிடித்தானா?"

"ஓம். பின்ன?"

"அந்த ரெண்டாவது கையை எழுதினீங்களா?"

"அதை ஏன் எழுதோணும்? அது உபசாரமெல்லோ."

"உபசாரம் முழுக்க ஓடைக்குள்ள போகுது, அன்ரி."

அன்ரி அகப்பையைச் சோற்றுச் சட்டிக்குள் திருப்பி வைத்தார். ஆறு கிழமையில் தண்ணீரை மறுபடி சோதிப்பதாகவும், அப்போதும் தெளியாவிட்டால் மூன்றாவது கடிதத்தைத் தானே எழுதவேண்டி வரும் என்றும் டில்ஷா சொன்னாள். சொல்லும்போது அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோப்பையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த முறை உரம் போடும் நாள் வந்தது. அன்ரி நிறுத்து எடுத்த யூரியாவோடு முதல் வரிசையில் குனிந்தார். ஒரு கை வைத்தார். பழக்கம் விடுமா, கை தானாக வாளிக்குள் போய்விட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாக வெளியே வந்து, செடியின் அடியில் விரல்களை விரித்து, மண்ணை ஒருதரம் தொட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போனது.