ஒட்டியது எத்தனை விநாடி

ஒரு விடுகதை. கண்ணுக்குத் தெரியாத ஒருவன், கண்ணுக்குத் தெரியாத இன்னொருவன் வீட்டுக்குப் போகிறான். போனானா, எவ்வளவு நேரம் இருந்தான் என்று வெளியே உட்கார்ந்து ஒருவன் குறித்துக்கொள்கிறான். வெளியே இருப்பவனுக்கு என்ன வேலை?

ஓசூரில், புது மருந்து தேடும் ஆய்வகம் ஒன்றில் அதுதான் என் வேலை. வீட்டுக்காரன், நோய்க்குக் காரணமான ஒரு புரதம். தங்கம் பூசிய நகத்தளவு தகட்டில் அதை நிறுத்திவைப்போம். விருந்தாளி, வேதியியல் பிரிவில் செய்து தரும் ஒரு மூலக்கூறு. அதைக் கரைத்துத் தகட்டின் மேல் ஓடவிடுவோம். ஒட்டினால், தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளி சற்றே மாறும். திரையில் ஒரு கோடு ஏறும். விலகினால் கோடு இறங்கும். ஒட்டிய மூலக்கூறு மாத்திரையாகி யாரோ ஒருவர் விழுங்குவதற்குப் பல வருடங்கள் ஆகும். பெரும்பாலும் கோடு ஏறுவதே இல்லை.

வீடு ஓர் ஊரிலும் வேலை ஓர் ஊரிலுமாக இருப்பவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவி செல்வி தஞ்சாவூர்ப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை. மகள் ஜெனி அவளோடு இருக்கிறாள். வரும் ஜூனில் ஆறாம் வகுப்பு. ஓசூரில் ஒரு பள்ளியில் அவளுக்கு இடம் வாங்கிவைத்தேன். என்னிடம் வருவதா, அங்கேயே இருப்பதா என்று அவளே சொல்லட்டும் என்று நானும் செல்வியும் பேசி முடிவு செய்தோம். அன்று போனில்தான் ஜெனியிடம் இந்த விடுகதையைப் போட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"வாட்ச்மேன்தானேப்பா?"

வேனில் ஒரு கேள்வி

நாங்கள் வேலைக்குப் போய்வரும் வேனை ஓட்டுபவர் பாகலூர் முனிராஜ். முன் சீட்டுக்காரரிடம் தெலுங்கு, பின் சீட்டுக்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். வேனில் வருகிறவர்களில் நான் ஒருவன்தான் ஆய்வகம். மற்றவர்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள்.

"அல்லாரும் பிரேக்கு, கியருன்னு எதனா ஒண்ணு செஞ்சிட்டு வராங்க. நீங்க இன்னிக்கு என்னா சார் செஞ்சீங்க?" என்று ஒரு நாள் கேட்டார். முப்பது மருந்து பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை என்றேன். "ஒட்டலன்னா?" ஒட்டவில்லை என்று எழுதி வைத்தேன் என்றேன். அவர் வேனை ரிங் ரோட்டில் திருப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இல்லன்னு எழுதறதுக்குன்னே ஒரு ஆளா சார்?"

ஜாங்கிரி

மூலக்கூறுகளைச் செய்பவர் கோமதி, திருநெல்வேலிக்காரர். ஒன்றைச் செய்ய அவருக்கு வாரக்கணக்கில் ஆகும். அப்படி அவர் தந்த ஒன்றுக்கு ஒரு நாள் மாலை கோடு விறுவிறுவென்று ஏறியது. அந்தத் தளத்தில் வேறு யாரும் இல்லை. நல்ல செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சரிபார்ப்பதற்கு முன்பே கோமதிக்குப் போன் செய்துவிட்டேன்.

காலையில் அவர் ஜாங்கிரியோடு வந்தார். அதற்குள் எனக்கு விஷயம் தெரிந்திருந்தது. மூலக்கூறோடு சேர்க்கும் கரைப்பான், தகட்டின் மேல் ஓடும் திரவத்திலும் அதே அளவில் இருக்க வேண்டும். நான் கலக்கும்போது திரவத்தில் சற்றுக் குறைத்துவிட்டேன். அந்த வித்தியாசத்தைக் கண்டும் கோடு ஏறும். ஆனால் பெட்டி மாதிரி சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கும். இருபது வருடமாகப் புதியவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். கோமதி திரையில் அந்தப் பெட்டியைப் பார்த்தார், ஜாங்கிரி டப்பாவை மேசையில் வைத்தார்.

"சரி சார், விடுங்க. ஒரு ராத்திரி நல்லாத் தூங்கினேம்லா."

வந்த அன்று

மே மாதம் ஜெனி ஒரு வாரத்துக்கு வந்தாள். ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்காக வாங்கிய படிப்பு மேசையின் இழுப்பறையைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தாள். அதில் தன் ரப்பர் பேண்டுகளைப் போட்டாள். நான் பால்கனிக்குப் போய் செல்வியை அழைத்து, அவளுக்கு இங்கே பிடித்துவிட்டது என்றேன். செல்வி தடுத்தாள்.

"வந்த அன்னைக்கே சொல்லாதீங்க. ரெண்டு நாள் போகட்டும்."

நாற்பத்திரண்டு

இரண்டாம் நாள் மாலை அவள் சன்னலோரம் உட்கார்ந்து, கீழே விளையாடும் பிள்ளைகள் கன்னடத்தில் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிப் போகவில்லை. மூன்றாம் நாள் அம்மாவோடு போனில் நீண்ட நேரம் பேசினாள்.

சனிக்கிழமை, ஆய்வகத்துக்குக் குடும்பத்தாரை அழைத்து வரலாம் என்றார்கள். கணினி இருக்கும் அறைவரை ஜெனி வந்தாள். கோமதியின் புதிய மூலக்கூறு ஒன்று அன்று ஓடியது. இந்த முறை கரைப்பானை மூன்று தடவை அளந்திருந்தேன். கோடு வளைந்து ஏறியது. பிறகு மூலக்கூறை நிறுத்தி, வெறும் திரவத்தை மட்டும் ஓடவிட்டேன். கோடு மெல்ல இறங்கியது. ஜெனி வாய்விட்டு எண்ணினாள். நாற்பத்திரண்டில் அது தரையைத் தொட்டது.

"நாப்பத்திரண்டு வரைக்கும் இருந்துச்சு பாத்தியா. முதல் தடவைக்கு அதுவே பெருசு, தாயி" என்றார் பக்கத்தில் நின்ற கோமதி.

"நீங்க தள்ளிவிட்டீங்களாப்பா?" என்று ஜெனி என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா. அதுவா போகுது."

"பிடிச்சு வெச்சுக்க முடியாதா?"

"பிடிச்சா, அதுவா எவ்வளவு நேரம் இருக்கும்னு தெரியாமப் போயிடும்."

அவள் திரையையும் என் ஒற்றை நாற்காலியையும் பார்த்தாள்.

"போனப்புறம் நீங்க என்னப்பா பண்ணுவீங்க?"

அடுத்ததை ஓடவிடுவேன் என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போய், இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். இல்லை என்று எழுதியே பழகிய கைக்கு அது அரை நிமிட வேலை. அம்மாவோடு தஞ்சாவூரிலேயே இருந்து படிக்கிறேன் என்று ஜெனி முந்தின நாளே சொல்லிவிட்டாள்.