குணமானதற்கு ஒரு சீட்டு

ரோஷன் பீவி பன்னிரண்டு வருஷம் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள். புதுப்பட்டினத்துக் குப்பத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் குளியல் அவள் கையால்தான். சொந்தமாகப் பிள்ளை இல்லை. அந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு உலகமும் இல்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் புருஷன் அப்துல் சுபஹான் மாரடைப்பில் போய்விட்டார். அவள் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆணோடு பேசக் கூடாது. எங்கள் தெருவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். புதிதாக வந்த டாக்டருக்குத்தான் தெரியவில்லை. ஒரு மாத லீவு முடிந்தும் ஆயாவைக் காணோமே என்று வீட்டுக்கே வந்துவிட்டார். நல்ல மனுஷர், அதுதான் வினை.

கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் ஏழெட்டுக் கேள்வி கேட்டார். பதில் இல்லை.

"அது பேசாது சார். வெளியவும் வராது. ஒன்றர மாசமா இப்டித்தான் கீது," என்றான் கொழுந்தன் சௌகத் அலி. காரணம் சொல்லவேண்டும் என்று அந்தப் புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. டாக்டர் ஃபைலில் 'மனநோய்' என்று எழுதிவிட்டார்.

இத்தா முடிந்து வேலைக்குப் போனபோது டாக்டர் மாற்றலாகியிருந்தார். ஃபைலைக் காட்டிச் சேர்க்க மறுத்தார்கள். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"எழுதினது எழுதினதுதாம்மா," என்றார் குமாஸ்தா. "குணமாய்ட்சின்னு மெட்ராஸ்லேர்ந்து சீட்டு வாங்கினு வா."

மெட்ராஸ் மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நோயாளியாகச் சேராதவளுக்குக் குணமானதாக எப்படி எழுதுவது என்று அங்கே கேட்டார்கள். நியாயம்தானே! பொய்யே சொல்லாதவள், காதில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி, தானே போய்ச் சேர்ந்தாள். இருபத்தொரு நாள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டுக்காரி, நானும்தான் போகவில்லை.

சீட்டு கிடைத்தது, வேலையும் திரும்பக் கிடைத்தது. ஆனால் ஃபைலுக்குள் கிடந்த சங்கதி அந்த இருபத்தொரு நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

முதல் வாரமே குப்பத்து எல்லம்மாளுக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டையும் குளிப்பாட்டியவள் ரோஷன் பீவிதான். வெந்நீர் விளாவி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"வேணாங்கா. எங்கம்மா வந்து ஊத்தட்டும்."

"இன்னாடி எல்லம்மா, நான் ஊத்தாத புள்ளயா? குடு."

எல்லம்மாள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். ரோஷன் பீவி இடுப்பிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லடி. பெரிய டாக்டரே எழுதிக் குட்த்துகீறாரு, பாரு."

எல்லம்மாள் சண்டைக்காரி அல்ல. மெதுவாகத்தான் கேட்டாள்.

"குணமாய்ட்சின்னு சீட்டு எங்கள்ல யாராண்டயாவது கீதாக்கா?"

ரோஷன் பீவி சீட்டை மடித்து வைத்துக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் வெளியே ஊற்றினாள்.